விருப்பமில்லை

அந்தப் பெஞ்சில் ஐந்தாவது ஆளாக உட்கார என்னைக் கூப்பிட்டபோதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் நீளம். ஆனால் திறக்க வேண்டிய இடத்தில் மட்டும் அது திறக்காது. செருப்புக் கழற்றும் சடங்குக்கு மூன்று நீதிபதிகள் போதாது, கூட இரண்டு சாதாரண மனிதர்களும் உட்கார வேண்டும் என்பது வழக்கம். ஊரறிய நடந்ததாக ஆக வேண்டுமல்லவா? அந்த ஊராக நான் உட்கார்ந்தேன். பாக்தாத்தில் துணி விற்றவன். இங்கே எருசலேமுக்கு வெளியே கல்மலையில் மரக்கன்று நடக் குழி தோண்டுகிறவன். ஷாவுலின் அப்பன் என்பதால் குடியேறிகள் முகாமில் எல்லோருக்கும் அபு ஷாவுல்.

ஹெஸ்கேலை பாக்தாத்திலேயே தெரியும். அவனும் அவன் அண்ணன் முராதும் எங்கள் கடைக்கு எதிரே பம்ப் ஸ்டவ் ரிப்பேர் செய்தார்கள். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் தம்பியை வளர்த்தவன் முராதுதான். முராது சத்தமாகச் சிரிப்பான், சத்தமாகச் சண்டை போடுவான். ஹெஸ்கேல் பேசுவதே அபூர்வம். முராதுக்கு லத்தீஃபாவைக் கட்டிவைத்தார்கள். வருஷங்கள் போயின, பிள்ளை இல்லை. ஒரு கோடையில் டைபாய்டு வந்து முராதைக் கொண்டுபோய்விட்டது.

பிள்ளை இல்லாமல் புருஷன் செத்தால் எங்கள் யூதப் பெண்ணுக்கு விடுதலை கிடையாது. அவள் கொழுந்தனோடு கட்டுண்டவள். ஒன்று, அவன் அவளைக் கட்டிக்கொண்டு அண்ணன் பெயர் சொல்ல ஒரு பிள்ளை பெற வேண்டும். இல்லையா, நீதிபதிகள் முன்னால் நின்று, "இவளை எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை" என்று வாயால் சொல்ல வேண்டும். அப்போது அவள் குனிந்து அவன் வலது கால் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அவன் எதிரே தரையில் துப்புவாள். அதற்குப் பிறகு அவள் உலகத்தில் யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், அவன் ஒருவனைத் தவிர. இரண்டில் ஒன்று நடக்கும்வரை அவள் வெளியே பூட்டிய வீட்டில் இருக்கிறவள்.

லத்தீஃபா அந்த வீட்டில் மூன்றாவது குளிர்காலமாக இருந்தாள். ஹெஸ்கேல் கட்டவும் இல்லை, செருப்பைக் கொடுக்கவும் இல்லை. ஹைஃபா துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், மனைவியை இழந்தவர், இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு அவளுக்காகக் காத்திருந்தார். கல் சுவர் வைத்த வீடு, குழாயைத் திறந்தால் தண்ணீர். தகரக் குடிசையில் சேற்றுக்கு நடுவே இருக்கிற எங்களுக்கு அது அரண்மனை.

முகாமில் வாய்கள் சும்மா இருக்குமா? தண்ணீர்க் குழாயடியில்தான் எங்கள் பாராளுமன்றம்.

"அண்ணன் சொத்தோட அண்ணியையும் அமுக்கிட்டான்யா."

"எந்தச் சொத்து? பாக்தாத்ல பூட்டு போட்டுட்டு வந்தோமே, அதுவா?"

"ஹைஃபாக்காரன்கிட்ட ஏதாவது கறக்கப் பாக்கறான். பாத்துக்கிட்டே இரு."

என் மனைவி சல்ஹாவுக்கு லத்தீஃபா மேல் பாசம். ரேஷன் முட்டைப் பொடியைக் கலக்கிக்கொண்டே ஒரு நாள் காலை என்னிடம் பாய்ந்தாள்.

"உங்க சிநேகிதன் மனுஷனா, மரக்கட்டையா? தானும் கட்ட மாட்டான், கட்டறவனையும் விட மாட்டான். அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு?"

"அவன் விஷயம். நான் எப்படிடி போய்..."

"குழாயடியில அவ்வளவு பேசறீங்களே, அந்த வாயைக் கொஞ்சம் அங்க கொண்டுபோங்க."

போனேன். மழை பிடித்துக்கொண்டதால் அன்று குழி வேலை இல்லை. ஹெஸ்கேல் தன் குடிசை வாசலில் சாக்கு விரித்து, யாருடைய ஸ்டவ்வையோ பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். பின்னை வைத்து பர்னரைக் குத்திக்கொண்டிருந்தான். மண்ணெண்ணெய் வாசனை அவன் உடம்போடு பிறந்தது.

"ஏண்டா, ஹைஃபாக்காரர் இன்னும் எவ்வளவு நாள் காத்துக்கிட்டு இருப்பாரு?"

"காத்திருங்கன்னு நான் சொன்னேனா அண்ணே?"

"அவ சொல்லியிருக்கா. நீ வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டா அவ பாட்டுக்குப் போயிடுவா. ஊர்ல உன்னைப் பத்தி என்ன பேசறாங்க தெரியுமா?"

"தெரியும். காசு கேக்கறேன்னு பேசறாங்க."

"கேக்கறியா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கேட்டதற்கு எனக்கே வெட்கமாகப் போயிற்று.

"நான் என்ன சொல்லணும் அண்ணே? எடுத்துக்க விருப்பமில்லைன்னு. அதானே?"

"அதான்."

"சும்மா இல்ல. வேதத்துல இருக்கற வார்த்தையை எடுத்து, நீதிபதிங்க முன்னாடி, அஞ்சு பேர் கேக்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"பொய்யாச்சே."

கையிலிருந்த பின் மறுபடியும் பர்னருக்குள் போயிற்று. நான் அப்படியே நின்றேன். இத்தனை வருஷம் எதிர்க்கடையில் உட்கார்ந்து அவனைப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. என் கண்ணைப் பிடுங்கித்தான் போட வேண்டும். துணியில் ஒரு நூல் விட்டுப்போனால் கண்டுபிடிக்கிறவன் நான்.

"எப்பத்திலேருந்துடா?" என்றேன்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பர்னரைத் துடைத்தான். அண்ணன் உயிரோடு இருந்தபோதே என்று புரிந்தது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். முராது போன பிறகு, மூன்று மாதம் கழிந்ததும் ஹாகாம் மன்சூர் அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். பாக்தாத்தில் எங்கள் தெருவின் மதகுரு அவர், ஹாகாம் என்போம். "சட்டப்படி இப்ப அவளைக் கட்டலாம். நானே கல்யாணப் பத்திரம் படிக்கறேன்" என்றாராம். லத்தீஃபாவைக் கேட்டார்கள். அவள் தலையாட்டினாள். அப்போது இவன், "ஒரு வருஷம் போகட்டும்" என்று சொல்லியிருக்கிறான்.

"ஏண்டா? தலையாட்டிட்டாளே!"

"ஒரு கொழுந்தன் அண்ணியைக் கட்டறது எதுக்கு? அண்ணன் பேரு நிக்கணும்னு. அவ அழகுக்காகக் கட்டினா, அது கூடாத உறவுக்குச் சமம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நான் எதுக்குக் கட்டறேன்? அண்ணனுக்காகவா, எனக்காகவா? ராத்திரி பகலா யோசிச்சும் எனக்கே தெரியல. மூணு மாசத்துல கட்டிக்கிட்டா, அண்ணன் எப்ப சாவான்னு காத்துக்கிட்டு இருந்தவனா ஆயிடுவேன். ஒரு வருஷம் அவனுக்குத் துக்கம் காத்தா மனசு சுத்தமாயிடும்னு நெனச்சேன். அவன் என்னை வளத்தவன். அவனுக்கு நான் அந்த ஹெஸெத்தாவது காட்ட வேண்டாமா?"

ஹெஸெத். எங்கள் வாயில் தினமும் புழங்கும் சொல்தான். பிரார்த்தனையில் வரும், கல்யாணப் பேச்சில் வரும், கடன் கேட்பவன் வாயிலும் வரும். அன்பு என்பார்கள், கருணை என்பார்கள். நான் புரிந்துகொண்ட அளவில், பிடித்த கையை விடாமல் இருப்பதுதான் அது. கையை விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நிலையிலும் விடாமல் இருப்பது. செத்தவனுக்குக் காட்டுவதைத்தான் அதில் உசத்தி என்பார்கள், செத்தவன் திருப்பித் தர முடியாது என்பதால்.

அண்ணனுக்கு முப்பது நாள் துக்கம் போதும். இவன் அப்பனுக்குக் காக்கிற மாதிரி வருஷம் முழுக்கக் காத்தான். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு முட்டாள்தனம் தோன்றாது. அந்த வருஷத்துக்குள் பாக்தாத்தில் எங்கள் காலம் முடிந்துவிட்டது. நாட்டை விட்டுப் போகிறவர்கள் பெயர் கொடு என்றார்கள், கொடுத்தோம். கடைகளுக்கு முத்திரை வைத்தார்கள். விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கி, தலையில் பூச்சி மருந்து அடித்தார்கள். வருஷம் முடிந்ததும் ஹெஸ்கேல் நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஊருக்குள் இருந்த மதநீதிமன்றத்துக்குப் போனான், அண்ணியைக் கட்ட அனுமதி கேட்டு.

இந்த நாட்டில் அது கிடையாது என்றார்கள். பெரியவர்கள் கூடி முடிவெடுத்துவிட்டார்களாம், இனிமேல் எல்லோருக்கும் செருப்பு மட்டும்தான், கல்யாணம் இல்லை என்று. எப்போது என்று கேட்டிருக்கிறான். நாங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே.

"அப்பறமும் போனேன்," என்றான் ஹெஸ்கேல். "மாத்துவாங்களான்னு பாக்க. திரும்பத் திரும்பப் போனேன். ஒரு குமாஸ்தா என்னைப் பாத்தாலே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்குவான்."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க அவனைத் திட்டினேன். "அறிவு கெட்டவனே" என்றேன். அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

அவனைக் கையோடு ஹாகாம் மன்சூரிடம் அழைத்துப்போனேன். அவரும் எங்களோடு விமானம் ஏறி வந்தவர்தான். முகாமின் மேல்கோடியில் ஒரு தகரக் குடிசை, உள்ளே ஆளைவிட உயரமாகப் புத்தகங்கள், அதன் மேல் ஒழுகாமல் இருக்க தார்ப்பாய். ஊருக்குள் நீதிமன்றத்தில் இப்போது அவரும் ஒரு நீதிபதி. எங்களுக்கு ஏலக்காய் போட்டுத் தேநீர் கொடுத்தார். சர்க்கரை இல்லை என்று மன்னிப்புக் கேட்டார்.

ஹெஸ்கேல் சுற்றி வளைக்கவில்லை. "ஐயா, வேதத்துல ஹெஸெத் வர்ற பல இடத்துல எமெத்தும் கூடவே வருது. விசுவாசமும் உண்மையும். ஜோடி மாடு மாதிரி. ஒண்ணை அவுத்துட்டு இன்னொண்ணை மட்டும் ஓட்டச் சொல்றீங்களே, எப்படி?"

ஹாகாம் தாடியைத் தடவினார். "எது முன்னாடி வருது?"

"ஹெஸெத்."

"பின்ன? முன்னாடி போறது எங்க போகுதோ, அங்கதான் பின்னாடி வர்றது போகணும்."

"அது வாதம் ஐயா. நெஜம் இல்ல."

கிழவர் சிரிக்கவில்லை. "சரி, வாதம் வேண்டாம். அந்த எமெத்துங்கற வார்த்தைக்கு உண்மை பேசறதுன்னு மட்டுமா அர்த்தம்? அசையாம நிக்கறதுன்னும் அர்த்தம். சுவத்துல அடிச்ச ஆணி மாதிரி. பாரம் தொங்கினாலும் பிடுங்கிக்கிட்டு வராம இருக்கணும். அவளுக்கு நீ ஆணியா இருக்கியா, முள்ளா இருக்கியான்னு யோசி."

ஹெஸ்கேல் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்க," என்றார் ஹாகாம். "இதே ஹெஸெத்துங்கற வார்த்தை, வேதத்துல ஒரு இடத்துல அவமானம்னு வருது. சேரக் கூடாதவங்க சேர்றதைச் சொல்ற இடத்துல. ஏன் அந்த வார்த்தையை அங்க போட்டாங்கன்னு நான் சின்ன வயசுல என் வாத்தியாரைக் கேட்டேன். அவருக்கும் தெரியல. எனக்கும் இன்னும் தெரியல. ஆனா அது அங்க இருக்கு."

"நீங்க எங்களுக்குப் பத்திரம் படிக்கறேன்னு சொன்னீங்க," என்றான் ஹெஸ்கேல். குற்றம் சொல்லவில்லை, சும்மா ஞாபகப்படுத்துகிற குரல்.

"சொன்னேன். நீ ஒரு வருஷம் கேட்டே." கிழவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அன்னிக்கு உன்னை நான் ஊர்ல மெச்சினேன்டா. இப்படி ஒரு தம்பி கிடைக்கணும்னு பிரசங்கத்துல சொன்னேன். காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து கட்டி வெச்சிருக்கணும்."

தகரத்தில் மழை அடித்தது. முடிவு எதுவும் சொல்லாமலே ஹெஸ்கேல் எழுந்து போனான். வீட்டில் வந்து சல்ஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்று அவள் என்னைத் திட்டவே இல்லை.

அடுத்த வாரம் லத்தீஃபாவே அவனைத் தேடி வந்தாள். நான் அப்போது என் ஸ்டவ்வுக்கு வாஷர் மாற்ற அங்கே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகப் பார்த்தேன். "இருங்க அண்ணே, யாராவது இருந்தாத்தான் நல்லது" என்று அவள் சொல்லிவிட்டாள். நல்ல உயரம், நெற்றியில் சுருக்கம் விழ ஆரம்பித்திருந்தது, காலில் ஆண்கள் போடும் ரப்பர் பூட்ஸ். துவைக்கும் பலகையில் சோப்புத் தேய்த்துத் துணி துவைத்த கைகள் சிவந்திருந்தன. ஊருக்குள் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு அந்த வேலை.

"அண்ணி, உக்காருங்க," என்றான் ஹெஸ்கேல்.

"உக்கார வரலை. வர்ற செவ்வாய்க்கிழமை தேதி கொடுத்திருக்காங்க. வருவியா?"

அவன் கையிலிருந்த வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உனக்கு என் மேல கோவமா?"

"ஐயோ இல்ல அண்ணி."

"பின்ன என்ன? சொல்லித் தொலை. நீ ஏதாவது சொல்லுவேன்னு எத்தனை நாளா பாத்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா? பாக்தாத்ல ஹாகாம் வந்து கேட்டப்ப நான் தலையாட்டினேன். ஒரு பொம்பளை தலையாட்டறது லேசுன்னு நெனச்சியா? நீ ஒரு வருஷம்னே. சரி, அண்ணன் மேல அவ்வளவு விசுவாசம்னு நானும் இருந்தேன். ஊரெல்லாம் உன்னை மெச்சினாங்க. செத்தவருக்கு நீ விசுவாசமா இருந்தே ஹெஸ்கேல். நான் உசுரோட இருந்தேனே."

அவன் கையிலிருந்த வாஷர் கீழே விழுந்து உருண்டது. இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை.

"எனக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது," என்றாள் லத்தீஃபா, இப்போது மெதுவாக. "எனக்கு ஒரு குழந்தையைக் குளிப்பாட்டணும். என் வயித்துல பொறந்தாலும் சரி, ஹைஃபாக்காரர் புள்ளைங்களா இருந்தாலும் சரி. நீ விட்டாத்தான் உண்டு. நான் வேற யாரைப் போய்க் கேக்கறது?"

அவளிடம் அப்போதே உண்மையைச் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? இந்த நாட்டில் அவர்களுக்குக் கல்யாணம் கிடையாது. அவனுடைய உண்மை அவளுடைய கதவை இன்னும் இறுக்கிப் பூட்டத்தான் உதவும். அவனுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

"வர்றேன் அண்ணி," என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் மூன்று பேரும் ஒன்றாகப் போனோம். லத்தீஃபா முன்னால், நாங்கள் பின்னால். அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. சடங்கு முடியும்வரை பெண் சாப்பிடக் கூடாது. அவனும் சாப்பிடவில்லை, ஆனால் அவனை யாரும் சாப்பிடாதே என்று சொல்லவில்லை.

நீதிமன்ற அறை குளிராக இருந்தது. பெஞ்சில் நடுவில் ஹாகாம் மன்சூர், இரண்டு பக்கமும் இரண்டு நீதிபதிகள், ஓரத்தில் நானும் ஒரு தையற்காரரும். ஹெஸ்கேல் வலது காலைக் கழுவினான். பணியாளர் அந்தச் செருப்பைக் கொண்டுவந்தார். முழுக்கத் தோல், ஆணி கிடையாது, கணுக்காலைச் சுற்றிக் கட்ட நீளமான தோல் வார்கள். எத்தனை பேர் கால் பட்டுக் கருத்துப்போன செருப்பு. அது அவனுடையதாக இருக்க வேண்டும் என்பதால் ஹாகாம் அதை அவனுக்குப் பரிசாகக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அவன் அறைக்குள் நாலடி நடந்து காட்டினான். நீதிபதிகள் குனிந்து பார்த்து, பொருந்துகிறது என்றார்கள்.

முதலில் லத்தீஃபா சொல்ல வேண்டும். ஹாகாம் வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுக்க, அவள் திருப்பிச் சொன்னாள். "என் கொழுந்தன் தன் அண்ணன் பெயரை நிலைநாட்ட மறுக்கிறான். எனக்குக் கொழுந்தன் கடமையைச் செய்ய அவனுக்கு மனமில்லை." குரல் சமமாக இருந்தது. படித்துப் பழகியிருந்தாள்.

ஹாகாம் ஹெஸ்கேலைப் பார்த்தார். முடியாது என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவானோ என்று பயந்தேன். அப்படிப் போய்விட வேண்டும் என்றும் ஒரு பக்கம் ஆசைப்பட்டேன். மனிதனுக்கு மனசு ஒரே பக்கமாகவா இருக்கிறது?

"இவளை எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை," என்றான் ஹெஸ்கேல்.

முணுமுணுக்கவில்லை. தடுமாறவில்லை. வாழ்க்கையில் ஒருநாளும் சத்தமாகப் பேசாதவன், முராதுடைய குரலில் சொன்னான். தையற்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். லத்தீஃபாவும் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் சுவரில் சாய்ந்து காலைத் தரையில் அழுத்திக்கொண்டு நின்றான். அவள் குனிந்து வலது கையால் வார்களை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, நேரம் ஆயிற்று. அவள் தலை அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது கையால் அவன் காலைத் தூக்கிச் செருப்பை உருவி எறிந்தாள். அது எங்கள் பெஞ்சின் காலில் வந்து மோதியது.

பிறகு துப்ப வேண்டும். வெறும் வயிறு, காய்ந்த வாய். வரவில்லை. ஹாகாம், "அவசரமில்லைம்மா" என்றார். அவள் கண்ணை மூடி உதட்டைக் கூட்டி மறுபடி முயன்றாள். விழுந்தது. நீதிபதிகள் அதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்பது சட்டம். நாங்கள் ஐந்து பேரும் கழுத்தை நீட்டித் தரையைப் பார்த்தோம். பார்த்தோம் என்றோம். இப்படி ஒரு காரியத்துக்குக் கழுத்தை நீட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"தன் அண்ணன் வீட்டைக் கட்டாதவனுக்கு இப்படிச் செய்யப்படும்," என்று லத்தீஃபா சொன்னாள். அண்ணன் வீட்டைக் கட்டாதவனாம்! முராது படுத்த நாளிலிருந்து அவள் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவன் அவன். விமானத்தில் அவளுடைய மூட்டையையும் சேர்த்து முதுகில் சுமந்தவன் அவன். "செருப்புக் கழன்றவன்" என்று நாங்கள் எல்லோரும் மூன்று தடவை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னேன். என் வாய் சொன்னது.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. நீதிமன்றப் படிக்கட்டில் நின்று ஹெஸ்கேல் தன் பூட்ஸுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். லத்தீஃபா கையில் விடுதலைப் பத்திரத்தோடு இறங்கி வந்தாள். அவளுக்கு ஹைஃபா பஸ் பிடிக்க வேண்டும். நேராகப் போய்விடுவாள் என்று நினைத்தேன். நின்றாள்.

"உள்ள சொன்னியே. அது நெஜமா?"

அவன் நாடாவை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

இங்கே நீதிபதி இல்லை, வேதம் இல்லை. யாரும் அவனை எதுவும் சொல்லச் சொல்லவில்லை. ஒரு பொய் சொல்ல மாட்டேன் என்று இத்தனை மாதம் ஊர் வாயில் விழுந்து கிடந்தவன். 'பொய் அண்ணி' என்று சொன்னால் போதும், பாரம் இறங்கிவிடும். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நெஜம்தான்," என்றான்.

"அப்ப அந்த ஒரு வருஷம்?"

"அதுவும் அதனாலதான். ஹாகாம் முன்னாடி முடியாதுன்னு சொல்ல வாய் வரல. தள்ளிப் போட்டேன்."

லத்தீஃபாவின் முகம் சிவந்தது. கழுத்துவரை சிவந்தது. ஹாகாம் பார்க்கத் தான் தலையாட்டியதும், எதிரே நின்றவன் அதைத் தட்டிக்கழித்ததும் அவளுக்கு அந்த நிமிஷத்தில் மறுபடி நடந்திருக்க வேண்டும். அவள் அவனைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. உள்ளே துப்பியது சட்டத்துக்காக. இது அப்படி இல்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றாள். "இவ்வளவு நாள் மிச்சமாயிருக்கும்."

பத்திரத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். "ஏண்டா? உள்ள சொன்னது போதாதா? இது எதுக்குடா? உன்னைக் கேவலமா நெனச்சுக்கிட்டுப் போறாளே!"

"போகட்டும் அண்ணே. நெஜத்தைச் சொன்னா அவங்க ஹைஃபாவுக்குப் பாதி ஆளாத்தான் போவாங்க. அந்த மனுஷனுக்கும் புள்ளைங்களுக்கும் முழு ஆள் வேணும்." குனிந்து அடுத்த பூட்ஸுக்கு நாடா கட்டினான். "நீங்களும் அவங்ககிட்ட சொல்லக் கூடாது. எப்பவுமே."

இதற்குப் பெயர் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஹாகாமைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு வசனம் வைத்திருப்பவர், இதற்கு மட்டும் முகத்தை மூடிக்கொண்டார். ஒருத்திக்காகத் தன்னை அவள் வெறுக்கும்படி செய்துகொள்கிறவனை என்னவென்று சொல்வது? அவனை நினைத்தால் எனக்குப் பெருமையாக இல்லை. கோபமாகத்தான் வருகிறது. அழுகையும் வருகிறது.

வசந்தத்தில் ஹைஃபாவில் கல்யாணம். எனக்கும் சல்ஹாவுக்கும் அழைப்பு வந்தது, ஹெஸ்கேலுக்கு வரவில்லை. நாங்கள் போனோம். அந்த இரண்டு பெண் குழந்தைகளும் லத்தீஃபாவின் பாவாடையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்றுக்கு அவள் தன் தட்டிலிருந்து மீனில் முள் எடுத்து ஊட்டினாள். அவள் இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. விருந்து முடிந்து நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். சல்ஹாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நல்லவேளை அண்ணே," என்றாள். "விருப்பமே இல்லாத ஒருத்தனுக்காக என் ஆயுசு பூராவும் போயிருக்கும். இல்லையா?"

சல்ஹா தலையைக் குனிந்துகொண்டாள். லத்தீஃபா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாம்மா," என்றேன்.